கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்

அந்த அண்ணனிடம் வெறுங்கையோடு நின்று பேசியவர்கள் யாரும் இருக்க முடியாது. பேச்சு தன்னைப் பற்றித் திரும்புகிறது என்று தெரிந்த உடனே கைக்கு எது எட்டுகிறதோ அதை எடுத்து உங்கள் கையில் வைத்துவிடுவார். "இதக் கொஞ்சம் புடி தம்பி" என்பார். நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். அவர் பாட்டுக்கு உள்ளே போய்விடுவார். திரும்பி வரும்போது நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது உங்களுக்கே மறந்திருக்கும்.

எங்கள் ஊர் திகாம் பத்து மெயின் ரோட்டில், தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. புல்வெட்டும் மிஷின், மரம் அறுக்கும் செயின்சா, மருந்தடிக்கும் பம்பு இவற்றையெல்லாம் பழுது பார்ப்பார். சுற்று வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து லாரியில் போட்டு அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் இருந்த தாமான் குடியிருப்பில்தான், அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, நானும் குடியிருந்தேன். எனக்குப் பெரிய ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரத்தம், சிறுநீர், சளி என்று மனிதர்களிடமிருந்து வெளியே வருவதைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வது என் பிழைப்பு. அந்தச் சாமர்த்தியம் இவரிடம் மட்டும் பலிக்கவில்லை.

முதன்முதலில் என் புல்வெட்டும் மிஷினை எடுத்துக்கொண்டு போனபோது, "அண்ணே, நீங்க எந்த எஸ்டேட்டு?" என்று கேட்டேன். நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்பது அதுதானே. அவர் கார்ப்பரேட்டரைக் கழற்றி என் இரண்டு கைகளிலும் வைத்தார். "நேராப் புடி. சாய்ச்சா எண்ணெ ஊத்திரும்" என்றார். நான் ஏதோ சாமி சிலையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பின்பக்கம் போய்ப் பால் விடாத தே ஓ குடித்தார், இன்னொருவரின் செயின்சாவை ஓட்டிப் பார்த்தார், போனில் யாருடனோ சிரித்துப் பேசினார். எனக்குக் கை மரத்துவிட்டது. கடைசியில் குனிந்து பார்த்தால், அந்தக் கார்ப்பரேட்டரில் சொட்டு எண்ணெய் இல்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கத்தித் தீர்த்தேன். அடுத்த முறையும் அவரிடம்தான் போனேன். மிஷின் அப்படி ஓடியது.

அவர் பாடாங் செராய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர் என்பதே எனக்கு அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வாய் நிறையச் சிரிப்பும் பேச்சுமாக இருப்பவர். கணவரிடம் ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற ஆட்களுக்கெல்லாம் சேர்த்து வைத்துப் பேசிவிடுவார். பெண் பார்க்க வந்த கதையை அக்கா எத்தனை தடவை சொன்னாலும் கேட்கலாம்.

"எங்கப்பா நேராவே கேட்டுட்டாரு தம்பி. மாப்ள, உங்களுக்குக் குடிப் பழக்கம் உண்டான்னு. இவங்க எந்திரிச்சு வெளிய போயி, எங்க வீட்டுச் சேவலயே புடிச்சுக் கொண்டாந்து, இதக் கொஞ்சம் புடிங்க மாமா, கால் நொண்டுது, என்னன்னு பாப்போம்னாரு. எங்கப்பா சேவல வச்சுக்கிட்டு அரை மணி நேரம் அது கால நீவிக்கிட்டு இருந்தாரு. கல்யாணம் முடிவாயிருச்சு."

"சேவலுக்கு என்ன ஆச்சுக்கா?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு. கல்யாணத்துக்கு அடிச்சுக் கொழம்பு வச்சுட்டோம்."

அவர் குடிக்கமாட்டார் என்பது வேறு விஷயம். இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்போம். சிரிக்க முடியாத நாளும் ஒன்று வந்தது. அவருடைய அம்மா இறந்த அன்று தாமானே திரண்டு போனது. துக்கம் விசாரிக்கப் போன ஒவ்வொருவர் கையிலும் அவர் ஒரு வேலையைக் கொடுத்தார். ஒருவரிடம் குடை, ஒருவரிடம் தண்ணீர் பாட்டில் பெட்டி, கோயில் தலைவரிடம் கூடாரத்துக் கயிறு. என்னிடம் ஊதுபத்திக் கட்டு. "அண்ணே" என்று நான் தோளைத் தொட்டபோது, "அணையாமப் பாத்துக்க தம்பி" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். அத்தனை பேர் கூடியும் அவரைக் கட்டிப் பிடித்து அழ ஒருவருக்கும் கை சும்மா இல்லை. வீடு திரும்பும்போது எனக்கு மனம் ஒரு மாதிரியாக இருந்தது. இவர் உள்ளே என்னதான் வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் முதலில் பயந்தேன்.

இன்னொரு நாள் பட்டறையில் புல்வெட்டும் பிளேடு அவர் கையைக் கிழித்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன். ரத்தம் சிமெண்டுத் தரையில் கொட்டுகிறது. "காட்டுங்கண்ணே" என்றேன். அவர் பிளேடை என் கையில் கொடுத்து, "இதப் புடி, இதான் நெளிஞ்சிருக்கு, என்னன்னு பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் ஒரு நொடி பிளேடைத்தான் பார்த்தேன். ரத்தத்தோடு பழகுகிறவன் நான், ரத்தத்தை விட்டுவிட்டுப் பிளேடைப் பார்க்கிறேன். அவர் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, "ஒன்னும் இல்ல லா" என்றார். தன்னைப் பற்றி அவர் சொன்ன வாக்கியங்களிலேயே அதிகம் சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

டுரியான் காலம் வந்தால் அவருக்கு வசதி. சீக் என்கிற ஊர்ப் பக்கம் காட்டை ஒட்டி அவருடைய மலாய் நண்பர் ஒருவருக்குப் பழத்தோட்டம் இருந்தது. பழம் விழும் காலத்தில் பட்டறையைச் சாத்திவிட்டு அங்கே போய்விடுவார். மரத்தடியில் ஒரு பொண்டோக், நான்கு கால் நட்டு ஓலை வேய்ந்த குடிசை, அதில் படுத்துக் காவல் காப்பார்கள். பழத்துக்குக் குரங்குகள் கூட்டமாக வரும். தகரத்தைத் தட்டி விரட்டுவது ஒரு வேலை. திரும்பி வரும்போது கோணிச் சாக்கில் பழம் கொண்டுவருவார். அந்த ஒரு மாதம் கைக்கு எட்டுவதைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. முள் முள்ளான டுரியானைக் கையில் ஏந்திக்கொண்டு யாரும் யாரிடமும் கேள்வி கேட்க முடியாது.

அந்த ஆண்டு பழத்தோடு காய்ச்சலையும் கொண்டுவந்தார்.

முதலில் யாருக்கும் தெரியாது. பட்டறை திறந்திருந்தது. மதியத்துக்கு மேல் குளிர் எடுத்து, உள்ளே போய்க் கோணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். குளிர் விட்டதும் எழுந்து வேலை செய்திருக்கிறார். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே குளிர். அக்கா கண்டுபிடித்து டவுன் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் நல்ல மனிதர்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தார், பிளேட்லெட் குறைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் காய்ச்சலும் பிளேட்லெட் குறைவும் சேர்ந்தால் டெங்கி என்று பச்சைக் குழந்தையும் சொல்லும். டெங்கி சோதனை அட்டையில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் டெங்கி மாதிரித்தான் இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள், நாளைக்கு வந்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்றார்.

"காட்டுப் பக்கம் எங்கயாவது போனீங்களான்னு கேட்டாரு தம்பி" என்று அக்கா பிறகு சொன்னார். "இவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? வெளிய நின்ன காடியில இருந்த டுரியான் சாக்க எடுத்தாந்து, இதக் கொஞ்சம் புடிங்க டாக்டர், பிள்ளைங்களுக்குக் குடுங்கன்னு மேசைக்கிட்ட வச்சுட்டாங்க. டாக்டருக்கு ரொம்ப சந்தோசம். அப்புறம் பழத்தப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க."

கேள்விக்குப் பதில் சாக்குக்குள்ளேயே இருந்தது. அதைக் கையில் வாங்கிய பிறகு டாக்டருக்குக் கேள்வி ஞாபகம் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே எண்ணெய் இல்லாத கார்ப்பரேட்டரைப் பிடித்தவன்.

தாமான் முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள். டெங்கி என்றால் எங்கள் ஆட்களுக்குப் பப்பாளி இலைச் சாறு. இலையைக் கழுவி இடித்துத் துணியில் வைத்துப் பிழிந்து குடித்தால் பிளேட்லெட் ஏறும் என்பார்கள். சீன நண்பர் ஒருவர் நண்டு சூப் கொடுத்தனுப்பினார். காய்ச்சல் விடுகிற நேரத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார், உடனே எல்லோரும் இலை வேலை செய்கிறது என்பார்கள். அடுத்த மதியம் நடுக்கத்தில் கட்டில் ஆடும்.

நான் தொடர்ந்து வேலையில் இருந்ததால் தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன். போனபோது அக்கா வாசலிலேயே, "மலேரியாவுக்கும் அட்டையில பாத்துட்டாங்க தம்பி. அதுவும் இல்லையாம்" என்றார், நல்ல சேதி சொல்வதுபோல. நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். தினமும் ஒரே நேரத்துக்குக் குளிர், சீக் காட்டோரம், குரங்கு. உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் மஞ்சளாகியிருந்தது.

"அண்ணே, இது வேற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"மலேரியாவா? அது பெரியவங்க காலத்து சீக்கு லா தம்பி. காட்ட அழிச்சுக் கித்தா மரம் நட்டாங்கள்ல, அப்ப வந்தது. இப்ப எவனுக்கு வருது."

"குரங்குக்கு வர்றது ஒன்னு இருக்குண்ணே. அதக் கடிச்ச கொசு நம்மளக் கடிச்சா வந்துரும். அட்டையில பல நேரம் சிக்காது. கண்ணாடியில ரத்தத்தத் தடவி, மைக்ரோஸ்கோப்புல பாக்கணும்."

அவர் பக்கத்திலிருந்த கிண்ணத்தை எடுத்தார். இடித்த பப்பாளி இலை, துணியில் மூட்டையாக. "இதக் கொஞ்சம் புடி. அக்காவுக்குக் கையில பலம் பத்தல. நீ பிழி" என்றார்.

நான் வாங்கவில்லை. கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவரைப் பார்த்துக் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் இலையும் வேண்டாம் உங்கள் பழமும் வேண்டாம், இப்போதே கிளம்புங்கள் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் பார்த்ததில்லை. யாரும் வாங்காமல் விட்டது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அவசரப் பிரிவு வாசலில் தள்ளு நாற்காலி கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கியது, இருந்தும் உட்கார மறுத்தார். கைக்கடிகாரம், பர்ஸ், பட்டறைச் சாவி எல்லாவற்றையும் எடுத்து என் கையில் திணித்தார். "இதக் கொஞ்சம் புடி தம்பி. வந்து வாங்கிக்கிறேன்." கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தே உள்ளே போனார்.

அவர் ரத்தத்தை நான்தான் கண்ணாடியில் தடவினேன். காயவைத்து, சாயம் ஏற்றி, எண்ணெய்ச் சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இருந்தன. சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன வளையங்கள், சிலவற்றில் குறுக்கே பட்டை போட்டதுபோல். என் வேலைக் காலத்தில் குரங்கு மலேரியாவை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அடர்த்தியாக ஒன்றைப் பார்த்ததே இல்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போன் போட்டார்.

இந்தக் கிருமி சிவப்பணுவுக்குள் எப்படிப் போகிறது என்று படித்திருக்கிறேன். ஒரு சிவப்பணு வெடித்ததும் அதிலிருந்து பல கிருமிகள் வெளியே வரும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவை வெட்டவெளியில் நிற்கும் நேரம், உடம்பின் காவல்காரர்கள் பிடிக்க முடிகிற நேரம். ஒவ்வொன்றும் ஒரு புது அணுவைத் தொடும். தலைப்பக்கத்தை அதன்மேல் வைத்து அழுத்தும். தலைக்குள் வைத்திருக்கும் சாமான்களைக் கொட்டி ஒட்டிக்கொள்ளும். பிறகு தோலில் குழி விழுந்து உள்ளே இறங்கும். இறங்கும்போது தன் மேல் போர்த்தியிருக்கும் உறையை அறுத்து வெளியே விட்டுவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். காவல்காரர்கள் ஓடிவந்து பிடிப்பது பெரும்பாலும் அந்த உறையையும் கொட்டிய சாமானையும்தான். அவற்றை எதிரி என்று அடையாளம் வைத்திருப்பதால் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கிருமி உள்ளே தின்று பெருகிக்கொண்டிருக்கும். அட்டை தேடுவதும் கிருமி ரத்தத்தில் விடுகிற ஒன்றிரண்டு பொருள்களைத்தான். குரங்குக் கிருமி விடுவது அதில் சரியாகச் சிக்குவதில்லை.

பரீட்சைக்கு உருப்போட்ட பாடம் அது. அன்றைக்கு அவருடைய ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, இந்த வித்தையை நான் நன்றாக அறிவேன் என்று. டாக்டர் டுரியானைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாமான் பிளேட்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் வெள்ளைக் கோட்டுப் பையில் கடிகாரமும் சாவியும் கனத்துக்கொண்டிருந்தன. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே அழுகையும் வந்தது, கண் மங்கி ஸ்லைடு தெரியவில்லை.

ஐசியூவில் சேர்த்து ஊசி ஆரம்பித்தார்கள். நல்ல ஊசி அது. மலேரியா நோயாளிக்குத் தினமும் ஸ்லைடு பார்த்துக் கிருமி குறைகிறதா என்று சொல்ல வேண்டும், அந்த வேலை என்னிடம் வந்தது. மறுநாளே பாதிக்குமேல் போய்விட்டது. ஐசியூ வாசலில் நாற்காலியிலேயே குடியிருந்த அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் உடனே பினாங்கில் வேலை செய்யும் மகளுக்குப் போன் போட்டார். "கொறஞ்சிருச்சாம்டி. தம்பியே பாத்துச் சொல்லிருச்சு."

உள்ளே வேறு கணக்கு நடந்துகொண்டிருந்தது. சிறுநீர் நின்றுவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சுக்குழாய் போட்டுத் தூங்கவைத்துவிட்டார்கள். கிருமி போன பிறகும் அது செய்துவிட்டுப் போனது இருக்கும், அதற்கு ஊசி கிடையாது. டாக்டர்கள் அக்காவிடம் மலாயில் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்கள். அக்காவுக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால் அவர்கள் சொன்னது ஒன்றும் அவர் காதில் தங்கவில்லை. நான் தமிழில் கொண்டுவருகிற சேதிக்காகவே காத்திருந்தார்.

"கிட்னி வேல செய்யலக்கா. அதான் யோசிக்கிறாங்க" என்று ஒருதரம் துணிந்து சொன்னேன்.

"கிருமி போயிட்டா அது தானா வேல செய்யும்ல தம்பி? மிஷின் மாதிரிதான. குப்பையத் தட்டிட்டா ஓடும்னு இவங்களே சொல்லுவாங்க."

கேன்டீனிலிருந்து கொண்டுபோன ரொட்டியையும் மைலோவையும் கொடுத்துவிட்டு வந்தேன். நான் செய்ய முடிந்தது ஸ்லைடு பார்ப்பது ஒன்றுதான். அதில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் என் ரிப்போர்ட் முந்தின நாளைவிட அழகாக இருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட வீங்கிப்போயிருந்தார்.

அன்றைக்குக் காலையில் எடுத்த ரத்தத்தில் ஒன்றுகூட இல்லை. ஓரம் முதல் ஓரம்வரை தேடினேன். மேலதிகாரியும் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மதியம் கீழே இறங்கி ஐசியூவுக்குப் போனேன். அக்கா எழுந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் தோய்த்து மடித்த கைலியும் சட்டையும் இருந்தன.

"இன்னிக்கு என்ன தம்பி?"

"ஒன்னுகூட இல்லக்கா."

"சுத்தமாவே இல்லையா?"

"சுத்தமா இல்ல."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை, என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டார். உடனே போனை எடுத்து மகளை அழைத்தார். "அப்பா ரத்தத்துல கிருமி ஒன்னுகூட இல்லையாம்டி. ஆமா, தம்பி இப்பத்தான் வந்து சொன்னுச்சு. நீ அழாத, வேல முடிச்சு மெதுவா வா."

ஐசியூ கதவு திறந்தது. இளம் டாக்டர், மலாய்ப் பெண், முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்தார். அக்கா போனில் இருப்பதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் மலாயில் சொன்னார். இரண்டே வாக்கியம்தான். இரண்டாவதில் உயிர் நின்ற நேரம் இருந்தது. டாக்டரின் கண் கலங்கியிருந்தது. நான் தலையாட்டினேன்.

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக எங்களைப் பார்த்தார்.

"டாக்டரும் அதையேதான சொல்றாங்க தம்பி?"